இறக்கம் தேர்ந்தெடுக்கும் வண்டி

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. மலையைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் இந்த எண்ணை விடுவதில்லை. ஆனால் எல்லோரும் அதை ஏறுவதற்கான எண்ணாகத்தான் சொல்கிறார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை என்று ஒரு சின்ன வீட்டையே பெட்டியாக அடித்து, பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போக நினைப்பவரும் முதலில் கேட்பது அதைத்தான்: இவ்வளவு சுமையோடு வண்டி ஏறுமா? எத்தனை குதிரைத்திறன் வேண்டும்? ஷோரூமில் கிடைக்கும் பதிலும் அதே திசையில் இருக்கும்: இழுவிசை இவ்வளவு, சுமைத்திறன் இவ்வளவு, டர்போ உண்டு. கேம்பர் எனப்படும் இந்த வீட்டுப் பெட்டியைச் சுமக்கும் வண்டியை இந்த எண்களை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் வாதம். கொல்லிமலை போன்ற இடத்தில் ஏற்றத்தை இன்றைய எந்தப் பிக்கப்பும் சமாளித்துவிடும். வண்டியின் தகுதி தெரிவது இறக்கத்தில்தான். அங்கே கணக்கில் வருபவை இரண்டு: பிரேக்கில் சேரும் வெப்பம், சுமையின் உயரம். விளம்பரத் தாளில் இவை இரண்டும் அச்சாவதே இல்லை.

வண்டி முதுகில் வீட்டோடு ஊர் சுற்றுவது வெளிநாட்டுக்காரர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாத நிலை நம் ஊரிலும் வந்துவிட்டது. 2022-இல் மகிந்திரா நிறுவனம், ஐஐடி மெட்ராஸின் அரவணைப்பில் வளர்ந்த கேம்பர்வேன் ஃபேக்டரி என்ற நிறுவனத்தோடு கைகோத்து, பொலேரோ கேம்பர் கோல்டு என்ற இரட்டைக் கேபின் பிக்கப்பின்மேல் நான்கு பேர் படுத்துறங்கும் வீட்டு வண்டியைக் கொண்டுவருவதாக அறிவித்தது. கேரவன் வண்டிகளுக்கென்று ஏஐஎஸ் 124 என்ற தனித் தரவிதியும் நாட்டில் இருக்கிறது. கொல்லிமலைக்கு அருகில் இருக்கும் நாமக்கல்லோ, லாரிக்குக் கூண்டு கட்டுவதில் இந்தியா முழுவதும் பெயர் எடுத்த ஊர். பக்கத்துத் திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு ரிக் வண்டிகள் மாதக்கணக்கில் வெளிமாநிலங்களில் தங்கித் தொழில் செய்பவை. வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே படுத்து எழும் வாழ்க்கை இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. சுற்றுலாவுக்காக அதைச் செய்யலாம் என்ற எண்ணம்தான் புதிது.

முதலில் ஏற்றக் கணக்கை முடித்துவிடலாம். அதில் அதிகம் இல்லை. அடிவாரத்துக்கும் மலைமேல் ஊர்களுக்கும் இடையிலான உயரத்தைக் கணக்குக்காக 1000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டி, பெட்டி, ஆட்கள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 3 டன். இந்த எடையை அந்த உயரத்துக்குத் தூக்க ஆகும் ஆற்றல் ஏறத்தாழ 29 மெகாஜூல். ஒரு லிட்டர் டீசலில் இருப்பதே சுமார் 36 மெகாஜூல். எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் உருப்படியாகப் பயன்படுத்தும் என்று கழித்தாலும், உயரம் தூக்குவதற்கான செலவு மூன்று லிட்டருக்குள் முடிந்துவிடுகிறது. திறனும் அப்படித்தான். மலைப்பாதைகளின் பொதுவான சரிவு நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு வரை. மிக மோசமான துண்டுகளில் எட்டு. நூற்றுக்கு ஏழு சரிவில் 3 டன் வண்டியை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்ற வேண்டிய திறன் 11 கிலோவாட்டுக்குச் சற்று மேல், அதாவது 15 குதிரைத்திறன். டயர் உருளும் தடையையும் கியர்களில் போகும் இழப்பையும் சேர்த்தாலும் 20, 22-ஐத் தாண்டாது. இன்று விற்கும் சாதாரண பொலேரோ பிக்கப்பின் எஞ்சினே 70 குதிரைத்திறனுக்கு மேல் தருகிறது. மலைமேல் காற்று பத்து சதவீதத்துக்கு மேல் அடர்த்தி குறைந்திருக்கும் என்பது உண்மைதான். டர்போ அதை ஈடுகட்டிவிடும். ஆக, கூடுதல் குதிரைத்திறனுக்குக் கொடுக்கும் பணம் கரூர் நெடுஞ்சாலையில் முந்திச் செல்ல உதவலாம். மலைக்கு அது தேவையில்லை.

இப்போது அதே 29 மெகாஜூலைக் கீழே இறக்கிப் பார்க்க வேண்டும். ஏறும்போது டீசல் கொடுத்த ஆற்றல் எங்கும் போய்விடவில்லை. உயரமாக வண்டிக்குள்ளேயே இருக்கிறது. அடிவாரம் வந்து சேரும்போது அது முழுவதும் வெப்பமாக மாறி வெளியேறியிருக்க வேண்டும். வேறு வழியே கிடையாது. வெளியேறாத பங்கு வேகமாக மாறும். சமவெளியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 3 டன் வண்டியைப் பிரேக் அடித்து முழுவதுமாக நிறுத்தினால் பிரேக் விழுங்கும் ஆற்றல் 0.185 மெகாஜூல். மலையிறக்கத்தின் மொத்த ஆற்றலை இதனால் வகுத்தால், அப்படி 160 முறை நிறுத்துவதற்குச் சமம் என்று வருகிறது. முக்கால் மணி நேரத்தில் இறங்குவதாக வைத்தால், 1000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் பதினொன்றை வண்டியின் அடியில் கட்டி, அத்தனை நேரமும் அணைக்காமல் எரியவிட்டுக்கொண்டு வருவது போன்றது. எஞ்சினும் உதவவில்லை, காற்றும் குளிர்விக்கவில்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்து, நான்கு சக்கரங்களின் பிரேக் இரும்பும் சேர்ந்து 40 கிலோ என்று எடுத்துக்கொண்டால், கணக்கு காட்டும் வெப்பநிலை வார்ப்பிரும்பின் உருகுநிலையையே தாண்டிவிடுகிறது. நடைமுறையில் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் அதில் கால்பங்கு போனாலே போதும், பிரேக் தன் வேலையை மறக்கத் தொடங்கும்.

அது மறப்பது மூன்று வழிகளில். பிரேக் கட்டையின் உராய்வுப் பொருள் ஒரு வெப்பநிலைக்கு மேல் தன் பிடிமானத்தை இழக்கும். எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கும். பின்சக்கரங்களில் நம் பிக்கப்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் டிரம் பிரேக்குக்கு இன்னொரு குறை: சூடேறிய டிரம் விரிந்து, உள்ளே இருக்கும் கட்டையை விட்டு விலகும், மிதி முன்பைவிட ஆழமாகப் போக வேண்டியிருக்கும். மூன்றாவதுதான் எச்சரிக்கை தராதது. பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல உறிஞ்சும் குணம் உடையது. டாட் 3 தர எண்ணெய் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 டிகிரிதான். டாட் 4-க்கு இவை 230, 155. எண்ணெய் கொதித்துக் குழாயில் ஆவிக்குமிழி உண்டானால், மிதியின் அழுத்தம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும். மிதி பஞ்சாகத் தரைவரை போகும், வண்டி நிற்காது. ஆண்டுக்கணக்கில் எண்ணெய் மாற்றாத பழைய பிக்கப்பை மலிவாக வாங்கிப் பெட்டி ஏற்றுகிறவர்கள் வண்டியின் எஞ்சினைத்தான் ஆட்களைக் கூட்டி வந்து சோதிக்கிறார்கள். பிரேக் எண்ணெயின் வயதை யாரும் கேட்பதில்லை.

அப்படியானால் நாள்தோறும் கொல்லிமலையிலிருந்து வண்டிகள் எப்படிப் பத்திரமாக இறங்குகின்றன? பெரும்பங்கு வேலையை எஞ்சினே செய்வதால்தான். நூற்றுக்கு ஆறு சரிவில் 20 கிலோமீட்டர் வேகத்தை மாறாமல் பிடித்துக்கொண்டு இறங்க, 3 டன் வண்டியிலிருந்து நொடிக்கு நொடி வெளியேற்ற வேண்டியது சுமார் 10 கிலோவாட். டயரின் உருளல் தடை அதில் இரண்டை எடுத்துக்கொள்ளும். மீதி எட்டு. இரண்டரை லிட்டர் டீசல் எஞ்சின் ஒன்றை எரிபொருள் தராமல் சக்கரமே சுழற்றும்போது, நிமிடத்துக்கு 2500 சுற்றில் அது உராய்விலும் காற்றை இழுத்துத் தள்ளுவதிலும் விழுங்குவது தோராயமாக எட்டு முதல் பத்து கிலோவாட். கணக்கு நேர்! பிரேக்கில் காலே வைக்காமல் இறங்கலாம். ஆனால் 20 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சினை அந்தச் சுற்றில் வைக்கக்கூடியது முதல் கியர்தான். வளைவுக்கு வளைவு பிரேக்கைக் கொஞ்சம் தொட்டுக்கொள்ள அஞ்சாவிட்டால் இரண்டாவதும் போதும். மூன்றிலும் நான்கிலும் இறங்கினால் எஞ்சின் மெல்லச் சுற்றும், கொஞ்சமாகவே விழுங்கும், மீதி முழுவதும் பிரேக்குக்குப் போகும். எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டி வருகிறவர்கள் இரண்டு பக்கமும் நஷ்டப்படுகிறார்கள். கியரில் இறங்கும்போது இன்றைய எஞ்சின்கள் எரிபொருளை முற்றாக நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் செலவாகும்.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது, எஞ்சின் விழுங்கும் அளவு சுமையோடு சேர்ந்து வளராது என்பது. 3 டன்னில் எஞ்சினே போதுமானதாக இருந்தது. அதே வண்டியை 4 டன்னாக்கி, சரிவு நூற்றுக்கு எட்டாக இருக்கும் துண்டில் விட்டால், டயரின் உருளல் தடை போக வெளியேற்ற வேண்டியது 15 கிலோவாட்டை நெருங்கும். எஞ்சின் எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் ஐந்தாறு கிலோவாட் பிரேக் இரும்பில் சேர்ந்துகொண்டே இருக்கும். எடையும் சரிவும் தலா மூன்றில் ஒரு பங்குதான் கூடின. பிரேக்கின் பாரமோ ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலையிலிருந்து தொடர்ச்சியான சூடாக மாறிவிட்டது. ஆகவே விற்பனையாளர் சொல்லும் சுமைத்திறனில் கடைசிக் கிலோ வரை பெட்டி அடிப்பது மலைக்கு ஆகாது. நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியில் கிடைக்கும் தாழ்கியர் வரிசை இந்த இடத்தில் உதவும் என்று சிலர் நினைப்பார்கள். மேடுபள்ளமான மண்பாதையில் அது மிகவும் உதவும். தார்ச்சாலையின் கொண்டை ஊசியில் சிக்கல் உண்டு: முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வளைவில் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும், நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில் அந்த வித்தியாசம் முறுக்காக மாறி அச்சிலும் கியர்ப்பெட்டியிலும் ஏறும். ஒரு வளைவு, இரண்டு வளைவு என்றால் பொறுக்கும், இங்கே எழுபது.

வெப்பம் பாதிக் கதை. மறுபாதி உயரம். கொல்லிமலையிலிருந்து இறங்கும் பிக்கப்கள் என்ன சுமக்கின்றன என்று பார்க்க வேண்டும். அன்னாசி, வாழை, பலா, மிளகு, காப்பி. பிறகு ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் குச்சிக்கிழங்கு. ஒரு டன் கிழங்கைப் பிக்கப்பின் தொட்டியில் கொட்டிப் பரப்பினால் முழங்கால் உயரத்துக்கு வரும். அதன் ஈர்ப்பு மையம் தொட்டித் தளத்திலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கும். ஒரு டன் கேம்பர் பெட்டியோ ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரம். மேலே கூரை, ஏசி, சோலார் பலகை, அலமாரி. எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் ஈர்ப்பு மையம் தளத்திலிருந்து 80, 90 செண்டிமீட்டருக்குக் கீழே வருவது கடினம். எடைமேடையில் இரண்டு வண்டிகளும் ஒரே எண்ணைக் காட்டும். வளைவில் அவை வேறு வேறு வண்டிகள்.

எவ்வளவு வேறு என்பதை ஒரு வகுத்தல் சொல்லிவிடும். இடது, வலது சக்கரங்களின் இடைவெளியை ஈர்ப்பு மைய உயரத்தின் இருமடங்கால் வகுத்தால் கிடைப்பது நிலைத்தன்மை எண். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் வண்டிகளுக்குக் கவிழ்தல் நட்சத்திரம் தருவது இதை அடிப்படையாக வைத்துத்தான். வண்டி பக்கவாட்டில் எத்தனை ஜி விசை வரை கவிழாமல் தாங்கும் என்பதை அது தோராயமாகச் சொல்கிறது. சக்கர இடைவெளி 1.4 மீட்டர், வெற்று எடை 1800 கிலோ, வெற்று வண்டியின் மைய உயரம் 65 செண்டிமீட்டர் என்று ஒரு பிக்கப்பை எடுத்துக்கொண்டால் எண் 1.08. ஒரு டன் கிழங்கு ஏற்றினால் 0.87. ஒரு டன் கேம்பர் ஏற்றினால் 0.68. வில்லும் டயரும் அழுந்தி வண்டி சாய்வதற்கு ஒரு பதினைந்து சதவீதம் கழிக்க வேண்டும்: கிழங்கு வண்டிக்கு 0.74, கேம்பருக்கு 0.58. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் காய்ந்த தார்ச்சாலையில் டயரின் பிடிமானம் இருக்கிறது, சுமார் 0.7. இதன் பொருள் பெரிது. எல்லை மீறிய வேகத்தில் வளைவுக்குள் வரும் கிழங்கு வண்டி கவிழ்வதற்கு முன் சறுக்கும். டயர் கத்தும், ஓட்டுநருக்குத் தெரியும், திருத்த ஒரு நொடியாவது கிடைக்கும். கேம்பர் வண்டி சறுக்குவதற்கு முன்பே உள்சக்கரத்தைத் தூக்கிவிடும்.

கொண்டை ஊசியில் வேகத்தைப் போட்டுப் பார்ப்போம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி இத்தகைய வளைவின் உள்ஆரம் குறைந்தது 14 மீட்டர், வடிவமைப்பு வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். 15 மீட்டர் ஆரத்தில் 20 கிலோமீட்டர் வேகம் பக்கவாட்டில் 0.21 ஜி தருகிறது. எந்த வண்டிக்கும் அது பிரச்சினையில்லை. 30 கிலோமீட்டரில் 0.47. 35-இல் 0.64, கேம்பர் கவிழும் எல்லை தாண்டிவிட்டது. விசை வேகத்தின் இருமடியாக ஏறுவதால் 20-க்கும் 35-க்கும் இடையில் ஆபத்து மூன்று மடங்காகிறது. சாலையின் உள்சரிவு கொஞ்சம் கைகொடுக்கும்; உடைந்த ஓரமும் மழைக்குழியும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். கொண்டை ஊசியில் யார் 35-இல் போகிறார்கள் என்று கேட்கலாம். விரும்பிப் போகிறவர் யாரும் இல்லை. ஆனால் அதே விதிகள் வளைவின் முனையில் சரிவை நூற்றுக்கு இரண்டரைக்குள் வைக்கச் சொல்கின்றன. ஆகவே உயரத்தின் பெரும்பகுதி வளைவுகளுக்கு இடையிலுள்ள நேர்த்துண்டுகளில் கழிகிறது. வண்டி வேகம் எடுப்பதும் அங்கேதான், பிரேக் சூடாவதும் அங்கேதான். பிடிமானம் குறைந்த பிரேக்கோடு அடுத்த வளைவுக்கு வரும் வண்டி, ஓட்டுநர் நினைத்ததைவிட ஏழெட்டு கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் வந்து சேரும். கிழங்கு வண்டிக்கு அந்த ஏழெட்டைப் பொறுக்க இடம் இருக்கிறது. கேம்பருக்கு இல்லை. வெப்பத்தையும் உயரத்தையும் தனித்தனிச் சிக்கல்களாகப் பார்த்து, ஒன்றுக்கு நல்ல பிரேக், இன்னொன்றுக்கு நல்ல வில் என்று பரிகாரம் தேடுவது ஏன் போதாது என்பதற்கும் இதுதான் காரணம். ஒன்று மற்றதன் விளிம்புக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் விடுகிறது.

இங்கே உள்ளூர்க்காரர் ஒருவர் எழுப்பக்கூடிய ஆட்சேபம் நியாயமானது. குட்டியானை முதல் பொலேரோ வரை எத்தனையோ வண்டிகள், அனுமதித்ததைவிடக் கூடுதலாகவே ஏற்றிக்கொண்டு, எந்த நிலைத்தன்மை எண்ணும் தெரியாமல் தினமும் இறங்குகின்றனவே? இறங்குகின்றன. அவர்களுடைய சுமை தாழ்வானது என்பது பாதிப் பதில். மீதிப் பாதி, அந்த ஓட்டுநர்களுக்கு ஒவ்வொரு வளைவின் குணமும் மனப்பாடம். எங்கே இரண்டாம் கியரைப் போட வேண்டும், எங்கே ஏறிவரும் பேருந்துக்கு ஒதுங்க வேண்டும் என்று கைக்குத் தெரியும். கேம்பர் ஓட்டி வருபவர் வழக்கமாக ஒரு காரின் பழக்கத்தோடு வருகிறார், வாழ்நாளில் முதல் முறையாக. தவிர, மலைக்காரரின் சுமை சந்தையில் இறங்கிவிடும். பாதி ஓட்டம் பாரம் குறைந்த வண்டி. கேம்பர் ஏறும்போதும் இறங்கும்போதும் முழுப் பாரம்.

இன்னொரு பதில் பட்டறையிலிருந்து வரும்: கமான் கட்டில் இரண்டு பட்டை சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். பின்பக்கம் தாழ்ந்து உட்காருவது நிற்கும். அது கண்ணுக்குத் தெரிவதால் சிக்கல் தீர்ந்ததாகத் தோன்றும். பட்டை சேர்த்ததால் அச்சின் உறுதியோ, பேரிங்கோ, டிரம்மின் அகலமோ, டயரின் தாங்குதிறனோ ஒரு கிலோகூட ஏறவில்லை. வண்டி கொஞ்சம் உயர்ந்திருக்கும், அதாவது மையமும் உயர்ந்திருக்கும். டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் சுமைக்குறியீட்டைப் படிப்பது இதைவிடப் பயனுள்ள வேலை. 106 என்று இருந்தால் ஒரு டயர் 950 கிலோ தாங்கும், இரண்டும் சேர்ந்து 1900; பின்அச்சில் விழும் மொத்த எடை அதற்குள் நல்ல இடைவெளியோடு இருக்க வேண்டும். சாய்வைக் குறைக்கப் பணம் செலவழிப்பதென்றால் பின்பக்கம் ஒரு ஸ்டெபிலைசர் கம்பிக்குச் செலவழிக்கலாம். அதுவும் சாய்வைத்தான் குறைக்கும். வெற்று வகுத்தலில் வந்த 0.68-ஐ அது மாற்றாது.

கடைசி ஆட்சேபம் எதிர்த்திசையிலிருந்து. இவ்வளவு கவலை எதற்கு, அமெரிக்கர்கள் செய்வதுபோல ஒரே தாவாகப் பெரிய வண்டிக்குப் போய்விட்டால் என்ன? அங்கே கனமான கேம்பர் ஏற்றுபவர்கள் ஃபோர்டு எஃப் 350 போன்ற, பின்னால் இரட்டைச் சக்கரம் பூட்டிய பிக்கப்பைத் தேடுவதில் அறிவு இருக்கிறது. அகலமான சக்கர இடைவெளி நிலைத்தன்மை எண்ணை நேரடியாக உயர்த்துகிறது; பெரிய எஞ்சினும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் இறக்க வெப்பத்தை விழுங்குகின்றன. அவர்கள் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் சரி, வண்டி நம் சாலைக்குப் பொருந்தாது. அந்த வண்டியின் அகலம் சுமார் 2.4 மீட்டர், நீளம் 6 மீட்டருக்கு மேல். ராக்கி மலைச் சாலைகளின் நீண்ட வளைவுகளுக்காகச் செய்தது. காரவள்ளிப் பாதையின் முனையில் எதிரே பேருந்து திரும்பிக்கொண்டிருக்கும்போது, பின்னால் எடுத்து முன்னால் எடுத்து மூன்று தடவையில் வளைக்க வேண்டிய வண்டி தன் அகலத்தால் சம்பாதித்த பாதுகாப்பை அங்கேயே செலவழித்துவிடும். சொந்த எடையே 3 டன்னைத் தாண்டுவதால், பெட்டியோடு 5 டன் இறங்க வேண்டும். வெளியேற்ற வேண்டிய வெப்பம் 50 மெகாஜூல்.

மிஞ்சுவது நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் வண்டிகள். அவற்றுக்குள் என் தேர்வு, ஐந்து பேர் அமரும் இரட்டைக் கேபின் வண்டியை விட ஒற்றைக் கேபினும் நீளமான தொட்டியும் உள்ள வண்டி. இஸுஸு வி கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்றவை அழகானவை, ஓட்ட இனிமையானவை. ஆனால் ஆட்களைச் சுமக்கவென்று செய்தவை, அனுமதிக்கும் சரக்கு எடை குறைவு. இரட்டைக் கேபின் எதிலும் தொட்டி குட்டையாகிவிடுவதால் பெட்டியின் மையம் பின்அச்சைத் தாண்டிப் பின்னால் போகும் ஆபத்து உண்டு. 800 கிலோ பெட்டியின் மையம் அச்சுக்கு 30 செண்டிமீட்டர் பின்னால் இருந்தால், 3 மீட்டர் சக்கர இடைநீளமுள்ள வண்டியில் முன்அச்சு 80 கிலோவை இழக்கும், பின்அச்சு 880 சுமக்கும். நூற்றுக்கு எட்டு ஏற்றத்தில் உயரமான பெட்டியின் பாரம் இன்னும் 14 செண்டிமீட்டர் பின்னால் நகரும். ஸ்டீரிங் லேசாகிறது என்று மகிழ வேண்டிய விஷயம் அல்ல அது. திருப்புகிற சக்கரங்களில் பிடிமானம் குறைகிறது. இரட்டைக் கேபின்மேல் வீடு கட்டியே தீர வேண்டுமென்றால், தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, சிலிண்டர் போன்ற கனங்களைக் கேபின் சுவரை ஒட்டி முன்னுக்கும் கீழுக்கும் கொண்டுவருவதில்தான் வடிவமைப்பாளரின் திறமை இருக்கும். ஒற்றைக் கேபினில் இந்தத் தொல்லை பெரும்பாலும் எழுவதே இல்லை. 2022-இல் வந்த டாடா யோதா 2.0, அடுத்த ஆண்டு வந்த பொலேரோ மேக்ஸ் பிக்கப்பின் பெரிய வகைகள் ஆகியவை 2 டன் வரை சுமக்கும் உரிமையோடு வருகின்றன. அந்த உரிமையில் பாதியை மட்டும் பயன்படுத்துவதாக எண்ணி வாங்க வேண்டும். 2 டன் வண்டியில் ஒரு டன். அதற்குள் பெட்டி, ஆட்கள், தண்ணீர், சாமான்கள் எல்லாம். பெட்டி மட்டும் 600, 700 கிலோவுக்குள் நிற்க வேண்டும். கூரையைத் தூக்கி இறக்கும் வகையில் அமைத்து, ஓடும்போது உயரம் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கினால் ஈர்ப்பு மையம் ஒரு சாணாவது இறங்கும். எஞ்சினை மாற்றிக் கிடைக்காத பாதுகாப்பு அந்த ஒரு சாணில் கிடைக்கும். பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியின் அமைப்பைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது என்பதால், பட்டறைக்குப் போகும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பேசிவிடுவது நல்லது.

மின்வண்டிக்காரர்கள் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள்: இறக்கத்தில் பேட்டரியே சார்ஜ் ஆகிவிடுமே? உண்மை. 29 மெகாஜூல் என்பது 8 யூனிட் மின்சாரம். அதில் பாதியாவது திரும்பக் கிடைக்கும், பிரேக்கும் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் மலைமேல் ராத்திரி முழுவதும் சார்ஜ் போட்டு நிறைத்துக்கொண்டு காலையில் இறங்கினால், நிறைந்த பேட்டரி எதையும் வாங்கிக்கொள்ளாது. முழுச் சுமையும் பழையபடி பிரேக்குக்கே வரும்.

பெட்டி கட்டி முடிந்ததும் எல்லாச் சாமான்களோடும் எடைமேடையில் நிறுத்த வேண்டும். நாமக்கல், ராசிபுரம், சேந்தமங்கலம் வட்டாரத்தில் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. மொத்த எடையோடு நிறுத்திக்கொள்ளாமல், முன்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறை, பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறை என்று அச்சு வாரியாக எடுத்தால்தான் பயன். வெற்று வண்டியில் இருந்ததைவிட முன்அச்சு எடை குறைந்திருந்தால் பெட்டியை முன்னால் நகர்த்தியாக வேண்டும். அங்கேயே குறைக்க எளிதான எடை தண்ணீர். 100 லிட்டர் தொட்டி 100 கிலோ. பாதி நிரம்பிய தொட்டி அதைவிடத் தொல்லை, வளைவுக்கு வளைவு நீர் வெளிப்பக்கம் ஓடிச் சாய்வைக் கூட்டும். கொல்லிமலையிலும் தண்ணீர் கிடைக்கும். காலித் தொட்டியோடு ஏறி, மலைமேல் உள்ள செம்மேட்டில் நிரப்பிப் பயன்படுத்திவிட்டு, இறங்கும் காலையில் மிச்சத்தைத் திறந்துவிட்டு, முதல் வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துக்கொண்டால் போதும்.